போகுமுன் வந்தவள்

பழுப்பு ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள் பெட்டி காலியாகியிருந்தது. கட்டில் ஓரத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர், சட்டைகள், காலுறைகள் எல்லாம் அலமாரிக்குள் பழைய இடத்துக்கே போயிருந்தன. அவள் மடித்ததைவிட நன்றாகவே மடித்திருந்தார்.

"வந்துட்டியாம்மா? வழியெல்லாம் மழையா?" என்றார்.

இன்னும் கிளம்பவே இல்லை மாமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். காலையிலிருந்து இதே கூத்துதான். அவள் அடுக்குவதும் அவர் பிரிப்பதுமாகப் பாதி நாள் போய்விட்டது.

மாமனார் ஓய்வுபெறும் வரை தொலைதூரப் பேருந்து ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டில்மேல் திறந்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவாராம். இப்போது சாப்பிட்டோமா என்பது மறந்துவிட்டது. மாமியார் போய்ச் சேர்ந்தது மறந்துவிட்டது. பெற்ற பிள்ளையை வீட்டுச் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டு, குழாய் ஒழுகுவதைப் பற்றி வாரம் தவறாமல் சண்டை போடுகிறார். ஆனால் பெட்டிக் கணக்கு மட்டும் அசையாமல் நிற்கிறது. கட்டிலில் திறந்த பெட்டி இருந்தால் யாரோ வந்துவிட்டார்கள், மூடிய பெட்டி இருந்தால் யாரோ போகப் போகிறார்கள்.

மூடிய பெட்டியின் மகிமையைப் போன தடவை கிளம்பும்போது பார்த்தாயிற்று. பெட்டியைப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று யோசனை சொன்னது அவள் கணவன்தான். அவனுக்கு யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. மாமனார் அதைக் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தேடினால் ஆளைக் காணோம். பேருந்து நிலையத்தில், கொட்டுகிற மழையில், பனியனோடு ஒவ்வொரு பேருந்தாக ஏறி இறங்கி, "எங்க மருமக இதுல ஏறினாளா?" என்று ஓட்டுநர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவள் போகவில்லை. அதற்கு முந்தைய பயணத்துக்கும் போகவில்லை. அவள் வேலை பார்க்கும் லிஃப்ட் பரிசோதனை நிறுவனத்தின் மேலாளர் நல்லவர், கத்தவில்லை. "இந்தத் தடவையும் முடியாதுன்னா சொல்லிடும்மா. வெளியூர் லிஃப்டையெல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துட்டு உனக்கு இங்கயே மேசை போட்டுத் தரேன்" என்றார். மேசை வேலை அவளுக்கு ஆகாது. லிஃப்டுக்குள் தலையைவிட்டு அதைத் தாங்கும் கம்பிவடத்தைத் தடவிப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்வதற்காகத்தான் அவள் வீட்டோடு மல்லுக்கு நின்று படித்தாள்.

போக வேண்டிய ஊர்களும் லேசுப்பட்டவை அல்ல. ஆற்றங்கரை ஊரில் இன்னும் வெயில் மண்டையைப் பிளக்கிறதாம். அடுத்ததில் மழை. மலைமேல் இருப்பதில் குளிர் இப்போதே பல்லைக் கிட்ட வைக்கிறது என்று அலுவலக வேன் ஓட்டுநர் சொன்னார். இலை உதிர்கிற இந்தப் பருவம் யாருக்கும் அடங்காது. காலையில் சிரித்துவிட்டு மத்தியானத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இதில் அவள் வேலை வேறு மொட்டைமாடி மோட்டார் அறையின் காற்றுக்கும், லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியின் ஈரத்துக்கும் நடுவே ஏறி இறங்குவது. எல்லாவற்றுக்கும் துணி வேண்டும், எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

அவளுக்கு அலுப்பாக இருந்தது. கோபம்கூட வராத அலுப்பு. இருந்தாலும் அவர் "வந்துட்டியாம்மா" என்று கேட்கும்போது உள்ளே எதுவோ இளகியது என்பதையும் மறைப்பதற்கில்லை. வேலை முடிந்து வந்தால் கணவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "பால் வாங்கினியா?" என்பான். வந்துவிட்டாயா என்று இந்த வீட்டில் அவளைக் கேட்கிற ஒரே ஆள் இவர்தான். அந்தக் கேள்விக்காகவே சில நாள் சும்மா பெட்டியைத் திறந்து போட்டிருக்கிறாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மத்தியானம் பரணிலிருந்து இன்னொரு பழைய பெட்டியை இறக்கினாள்.

"ரெண்டு பெட்டியா? ஊரையே காலி பண்ணிட்டுப் போறியா?" என்றான் கணவன்.

"இது என்கூட வராது. நான் போனப்புறம் தினமும் சாயங்காலம் இதுல என் துணியை நிரப்பிக் கட்டில்மேல திறந்து வைங்க."

"வச்சா?"

"வச்சா நான் வந்துட்டேன்னு அர்த்தம்."

அவன் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். "அப்பாவை ஏமாத்தச் சொல்ற."

"ஏமாத்தத்தான் சொல்றேன். வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு அவனிடம் யோசனை இல்லை.

சாயங்காலமே சோதித்துப் பார்த்தார்கள். அவன் தன் சட்டைகளையும் கலந்து வைத்தான். மாமனார் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "வீட்டுச் சொந்தக்காரர் துணியெல்லாம் இங்க எப்படி வந்துச்சு?" என்று முறைத்து, தூக்கி எறிந்தார். அவளுடைய பருத்திச் சட்டைகளை வைத்தபோது ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடியில் பழுப்பு ஸ்வெட்டர் கைக்குப் பட்டதும்தான் முகம் தெளிந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "வந்துட்டா" என்றார் யாரிடமோ.

கதவோரம் நின்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது இங்கயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

"உனக்குக் குளிருமே."

"ரெண்டு சட்டையா மாட்டிக்கறேன். வழியில கடை கிடைச்சா ஒண்ணு வாங்கிக்கறேன்."

விடிந்ததும் அவளுடைய பெட்டியை அவன் ஒரு போர்வையால் மூடி, திருடன் மாதிரி படியிறங்கிக் கொண்டுபோய் வேனில் வைத்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வரேன் மாமா" என்றாள்.

"குடை எடுத்துக்கோ" என்றார் அவர். எடுத்துக்கொண்டாள்.

ஆற்றங்கரை ஊரில் வேர்த்து வழிந்தாள். அடுத்த ஊரில் நனைந்தாள். இரண்டு ஊரிலிருந்தும் சாயங்காலம் போன் செய்து, வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று கேட்ட பிறகே சாப்பிட்டாள். வழியில் கடைகள் இருந்தன, வேன்தான் எங்கும் நிற்கவில்லை. மலை ஊருக்கு அவர்கள் ஏறும்போதே மேகம் இறங்கிவிட்டது. பழைய விடுதி ஒன்றின் மொட்டைமாடி, தகரக் கூரை போட்ட மோட்டார் அறை. பொழுது சாய்கிற நேரம். விரல்கள் விறைத்துப்போய் திருகாணி கையில் நிற்கவில்லை. போன் அடித்தது.

கணவன் குசுகுசுவென்று பேசினான். "பெட்டியைப் பார்த்துட்டார். ஸ்வெட்டரும் கையில இருக்கு. ஆனா இன்னிக்கு, அவ எங்கன்னு கேக்கறார். குளிக்கறான்னு சொல்லிட்டேன். நம்பாம வாசல் பக்கம் போறதும் குளியலறைக் கதவைத் தட்டறதுமா இருக்கார். செருப்பு மாட்டிட்டார்."

பேருந்து நிலையமும் நனைந்த பனியனும் கண்முன் வந்தன.

"போனைக் குளியலறைக்குள்ள வச்சுட்டுக் கதவைச் சாத்துங்க. சத்தத்தைக் கூட்டி வைங்க" என்றாள்.

கதவு மூடும் ஓசை கேட்டது. அவள் எழுந்து மோட்டார் அறை வாசற்படிக்கு வந்து, போனைப் பிடித்த கையைக் கூரை விளிம்புக்கு அருகே நீட்டினாள். தகரத்திலிருந்து மழைத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே, எத்தனையோ மலைவளைவுகளுக்குக் கீழே, யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அம்மா, வந்துட்டியா?"

"வந்துட்டேன் மாமா. குளிச்சிட்டு இருக்கேன்" என்று மழைக்கு மேலாகக் கத்தினாள்.

தண்ணீர்ச் சத்தத்தை அவர் காதுகொடுத்துக் கேட்கிறார் என்று தோன்றியது. அவள் போனைத் தண்ணீருக்கு இன்னும் அருகே நீட்டினாள்.

"நனைஞ்சுட்டியா?"

"கொஞ்சம்."

"குளிர்ல ரொம்ப நேரம் நிக்காதம்மா. ஸ்வெட்டரைக் கதவுக் கொக்கியில மாட்டியிருக்கேன். தலையைத் துவட்டிட்டு எடுத்துப் போட்டுக்கோ."

செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் ஒன்று, பிறகு இன்னொன்று.

"சரி மாமா" என்றாள். அறைக்குத் திரும்பியதும் அவள் கை தன்போக்கில் ஸ்வெட்டரைத் தேடிக் கதவுப் பக்கம் போனது. அங்கேயும் ஒரு கொக்கி இருந்தது. அதில் அவள் குடை சொட்டிக்கொண்டிருந்தது.