பிரிக்காத கவர்

அந்தக் கவர் பழுப்பு நிறம் என்றுதான் எனக்கு நினைவு. வெள்ளை என்று உம்மா கடைசிவரை சொன்னார். அறுபத்தாறாம் வருஷம் நடந்தது. மற்றதையும் நான் சரியாகத்தான் சொல்கிறேனா, தெரியவில்லை.

வாப்பா நூருல்லாவுக்கு எங்கள் தீவின் அபர்தீன் பஜாரில் துணிக்கடை. அந்த வருஷம் சிறுநீர் அடைத்துத் துன்பப்பட்டார். புராஸ்டேட்டில் கட்டி என்றார் டாக்டர். துளி சதை எடுத்து, சீசாவில் போட்டு, புற்றா என்று பார்க்க மெட்ராஸுக்கு அனுப்பினார். சீசா ஒரு கப்பலில் போனது. பதில் இன்னொரு கப்பலில் வரவேண்டும். முப்பத்தெட்டு நாள். வாப்பா துணியை அளந்தார், கிழித்தார், மடித்தார்.

கப்பல் வந்தது, பதிலும் வந்தது. டாக்டர் கார் நிக்கோபார் தீவுக்கு மருத்துவ முகாம் போயிருந்தார். வரப் பத்து நாளாகும். கப்பல் மறுநாளே மெட்ராஸ் திரும்புகிறது. அதை விட்டால் அடுத்ததற்கு மூன்று வாரம்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சொக்கலிங்கம் கவரின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. “டாக்டர் சாப் பேருக்கு வந்தது, பாய். நான் பிரிச்சா என் சர்க்கார் நௌக்ரி போயிடும்.”

“வெளிச்சத்துல பிடிச்சாவது பாருங்கண்ணே” என்றார் உம்மா.

பிடித்துப் பார்த்தார். “நாலா மடிச்சு வச்சிருக்கான். ஒண்ணும் தெரியல.”

“வைங்க” என்றார் வாப்பா. “நாளைக்கு நான் கப்பல் ஏறுறேன்.”

“என்னன்னு தெரியாமலா?” என்றார் உம்மா.

“தெரிஞ்சா மட்டும் வைத்தியம் இங்கயா இருக்கு?”

“ஒண்ணுமில்லன்னு எழுதியிருந்தா?”

“எழுதியிருந்தா மூத்திரம் தானா வந்துடுமா? அடைப்புக்கும் அங்கதான் அறுக்கணும்.”

சொக்கலிங்கம் சிரித்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

“காகிதத்த நம்பி மூணு வாரம் உக்காந்திருக்க மாட்டேன், ஜன்னத்து” என்றார் உம்மாவிடம்.

மறுநாள் கப்பல் நிற்கும் சாத்தம் ஜெட்டியில் வாப்பா பையை யாரிடமும் தரவில்லை. கப்பல் ஏணியில் வலி தாங்காமல் இரண்டு தடவை நின்றார். அப்புறம் நிற்கவில்லை. மேலேயிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: “கரீமா, கடையத் தொற! நீலப் பாப்ளின் கேட்டு ஆள் வரும்.”

திறந்தேன். ஆள் வந்தது.

டாக்டர் திரும்பிவந்து கவரைப் பிரித்தார். புற்று என்றே இருந்தது. அதற்குள் மெட்ராஸில் வாப்பாவின் அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப்பின் வாப்பா எட்டு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அவர் போன மறு வருஷம் உம்மாவும் காலமானார். சொக்கலிங்கம் ஓய்வுபெற்று மதுரைக்குப் போனார். கடையை நான் நடத்துகிறேன்.