இடப்பக்க வகிடு

வகிடு எடுத்து, சீப்பின் வால்முனையால் கடைசி இழையையும் ஒதுக்கிவிட்ட பிறகுதான் குட்டிக்கு ஏதோ இடித்தது. அக்காவின் முகம் அக்காவின் முகமாக இல்லை. செத்துப்போனால் முகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்தாள். வலது நெற்றிப்பொட்டில், இத்தனை வருஷம் முடிக்குள் ஒளிந்து கிடந்த தழும்பு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

அட கடவுளே! வகிடு பக்கம் மாறிவிட்டது.

முடி வெட்டிப் பிழைக்கிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. அக்காவும் தங்கையும் கீழே இருக்கும் பார்லரில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்குப் பின்னால் நின்றே காலத்தைக் கழித்தவர்கள். பேச்சு, சிரிப்பு, முறைப்பு, சண்டை எல்லாமே எதிரே இருக்கும் கண்ணாடி வழியாகத்தான். குட்டிக்குத் தெரிந்த அக்கா கண்ணாடிக்குள் இருந்த அக்கா. இன்றைக்குக் கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டி இருந்ததால், வழக்கம்போலத் தலைக்குப் பின்னால் நிற்க வழியில்லாமல், முகத்துக்கு நேராக நின்று சீவ வேண்டியதாயிற்று. கை தன்பாட்டுக்குக் கண்ணாடிக் கணக்கையே போட்டு, இடப்பக்க வகிட்டை வலப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டது.

அக்கா மட்டும் கண்ணைத் திறந்தால், "உன்ன நம்பித் தலையக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று ஆரம்பித்திருப்பாள். குட்டிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகி, சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பதைத் தாண்டியும் அவளைக் குட்டி என்று கூப்பிட இந்த வீட்டில் ஒரு ஆள் இருந்தது.

அழக்கூட நேரமில்லை. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கொண்டுவந்ததிலிருந்தே குட்டியின் காது வாசலில்தான் இருந்தது. நேற்று, மூச்சு வாங்க வாங்க, அக்கா கடைசியாகத் தெளிவாகச் சொன்னது இதைத்தான்: "அந்தப் பச்சை ஸ்கார்ஃப் பொண்ணு வரும். விட்டுறாதடி. நாளன்னைக்கு அவ புருஷன் அவள எங்கேயோ தூரமா, அவன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோறான். அப்புறம் நம்மால ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்கு அதெல்லாம் வராதுக்கா. நீயே எந்திரிச்சு வந்து பேசு" என்றாள் குட்டி.

"உனக்கு என்னதான் வந்துச்சு, சொல்லு பாப்போம்" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

குட்டிக்கு உண்மையிலேயே வராது. பேச்செல்லாம் அக்காவோடது. குட்டியின் வேலை டிரையரைப் போடுவது.

அது ஒரு பழைய டிரையர். கடை திறந்த புதிதில் எங்கோ கழித்துப் போட்டதை அக்கா வாங்கி வந்தாள். அதைப் போட்டால் தெருமுனை வரை கேட்கும். பிறகு நல்லதாக, சத்தம் போடாததாக எத்தனையோ வந்தும் அக்கா அதைத் தூக்கிப் போடவில்லை. "இது கத்துற கத்துக்காகத்தான்டி வெச்சிருக்கேன்" என்பாள். பெண்களுக்கு மட்டும் என்று வாசலில் எழுதியிருந்தது. கூடவே வந்து கூடவே போகும் புருஷன்மார்கள் கூட அந்த எழுத்தைத் தாண்டி வரமாட்டார்கள்; வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். உள்ளே யாருடைய கழுத்திலோ கையிலோ பார்க்கக் கூடாதது கண்ணில் பட்டால், அக்கா கண்ணாடிக்குள் குட்டியைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாள். குட்டி டிரையரைப் போடுவாள். அந்த இரைச்சலுக்குள் அக்கா குனிந்து, அந்தப் பெண்ணின் காதோடு பேசுவாள்.

வாரம் ஒருநாள் வக்கீலம்மா முடி வெட்ட வருவார். அவர் தலையில் விரலால் பிடிக்கிற அளவுக்குக்கூட முடி கிடையாது. "இன்னைக்கு எந்த முடிய வெட்டணும், நீங்களே காட்டிருங்க" என்று அக்கா கேட்பதும், "முன்னாடி நிக்குதே, அந்த ஒண்ணு" என்று அவர் தொட்டுக் காட்டுவதும், மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பதும்! அப்படி ஒரு காலம். சிரித்து முடித்ததும் அவர் உள்ளறைக்குப் போய், அங்கே காத்திருக்கும் பெண்ணுக்கு மனு எழுதிக் கொடுப்பார். டிரையர் கத்திக்கொண்டே இருக்கும். எத்தனையோ சாயங்காலம் குட்டி காது அடைத்துப் போய், தலைவலித் தைலம் தடவிக்கொண்டு படுத்திருக்கிறாள். இன்றைக்கு அந்த இரைச்சலைக் கேட்டால் போதும் என்று இருந்தது.

"என்னம்மா இது?"

மாமா உள்ளே வந்திருந்தார். அம்மாவின் தம்பி, இந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் நாற்காலி அவருக்குத்தான். தடியை ஊன்றி நின்று அக்காவின் நெற்றியையே பார்த்தார்.

"வகிட்ட மாத்து. இந்தப் பக்கம் எடுத்து அத மூடிவிடு."

"எதை மாமா?"

"தெரியாத மாதிரி கேக்காத. குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்தது இப்ப எதுக்கு வர்றவங்களுக்கெல்லாம் தெரியணும்?"

குளிக்கிற இடம்! குட்டிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு மத்தியானம் அக்கா ஒற்றைச் செருப்போடு, நெற்றியில் துண்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது இதே வாசலில்தான். வழுக்கி விழுந்தாள் என்ற கதையைக் கட்டியதும் இதே மாமாதான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லி அவரே கொண்டுபோய் அவள் புருஷன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. அடுத்த தடவை அக்கா வீட்டுக்கு வரவில்லை. நேரே கோர்ட்டுக்குப் போய், புதுக் கறுப்புக் கோட்டு கசங்காமல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணிடம், "நீங்க வக்கீலா? எனக்கு ஒருத்தர் வேணும்" என்றாள். அந்தச் சின்னப் பெண்தான் இப்போது வயசான வக்கீலம்மா. அக்காவின் வழக்குத்தான் அவருக்கு முதல் வழக்கு.

தழும்பை மட்டும் அக்கா மறைத்தே வைத்திருந்தாள். "என் கதையக் கேக்கவா வர்றாங்க? அவங்க கதையச் சொல்லட்டும்" என்பாள்.

சந்துப் பக்கம் புதுக் குரல்கள் கேட்டன. குட்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பச்சை ஸ்கார்ஃப்.

கூடவே கணவன். சட்டை மடிப்புக் கலையாத, அடக்கமான ஆள். வந்ததும் வராததுமாக ஒரு கிழவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். யார் பார்த்தாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். மனைவியின் கைப்பையும் போனும் அவன் கையில் இருந்தன. அவளிடம் ஒன்றும் இல்லை. வெயிலிலும் ஸ்கார்ஃபைக் கழுத்தைச் சுற்றி இறுக்கியிருந்தாள்.

சந்தின் மறுகோடியில், ஆட்களுக்கு நடுவே, வக்கீலம்மாவின் மொட்டைத் தலையும் தெரிந்தது. அவரும் அந்த ஸ்கார்ஃபைப் பார்த்துவிட்டார். பார்த்து என்ன செய்ய? நடுவில் அவன் நிற்கிறான். அக்காவைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

"என்னம்மா நிக்கிற? மாத்துன்னு சொல்றேன்ல" என்றார் மாமா.

குட்டி திரும்பினாள். கட்டிலைப் பார்த்தாள். அக்காவின் புருவம் தூக்கியிருந்ததாக அவளுக்குத் தோன்றியது. தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

"மாத்திடறேன் மாமா. ஆனா தலைய நனைச்சு, காயவெச்சு, முதல்லேருந்து பண்ணணும். சேலைய வேற சரி பண்ணணும். ஆம்பளைங்க யாரும் மேல வரக்கூடாது. கையுதவிக்கு ரெண்டு பொம்பளைங்க போதும்."

"அதுவும் சரிதான். யாரக் கூப்பிடட்டும்?"

"அந்த மொட்டைத்தல அம்மா. அவங்க அக்காவோட சிநேகிதி. அப்புறம்..." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "அந்தப் பச்சை ஸ்கார்ஃப். நல்லா முடி பிடிக்கும். நம்ம கடைக்கு வர்ற பொண்ணு."

மாமா மாடிப்படியில் நின்றபடியே குரல் கொடுத்தார். அவர் குரலுக்கு யாரும் மறுத்ததில்லை. அந்தக் கணவனும் மறுக்கவில்லை. "போய்ட்டு வா, நேரமாக்காத" என்று மெதுவாகச் சொன்னான்.

இரண்டு பேரும் உள்ளே வந்ததும் குட்டி கதவைத் தாழிட்டு, சீப்போடு சேர்த்துக் கீழேயிருந்து எடுத்து வந்திருந்த டிரையரைச் செருகிப் போட்டாள். அது ஒரு இருமல் இருமிவிட்டுக் கத்த ஆரம்பித்தது. அடி என் ராசாத்தி, இன்னைக்கு மட்டும் நின்னு தொலைக்காதே என்று குட்டி மனசுக்குள் அதைக் கெஞ்சினாள்.

வக்கீலம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு மூச்சு நேரம். அதற்குமேல் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி, அந்தப் பெண்ணின் பக்கத்தில் குனிந்தார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அக்காவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது... எப்படி?"

"குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்ததா சொல்லுவாங்க" என்றாள் குட்டி.

"நான் மாடிப்படியில விழுந்ததா சொல்லிக்கிட்டிருக்கேன்." அவள் ஸ்கார்ஃபைத் தளர்த்தினாள். குட்டி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இவங்களுக்குமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதே இல்லையே."

"எனக்குச் சொல்லியிருக்காங்க. ஜட்ஜுகிட்டயும் சொன்னாங்க. சொல்லிட்டுத்தான் வெளிய வந்தாங்க" என்றார் வக்கீலம்மா. "இங்க பாரும்மா, நேரம் கம்மி. இன்னைக்கே எல்லாத்தையும் முடிவு பண்ணணும்னு இல்ல. முதல்ல நீ பத்திரமா இருக்கணும். காப்பகத்துல இடம் சொல்லி வெச்சாச்சு; இவங்கதான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணி ஏற்பாடு பண்ணினாங்க. சாயங்காலத்துக்குள்ள மனுவக் குடுத்துடலாம். பாதுகாப்பு உத்தரவு வந்துட்டா அவர் உன் பக்கத்துல வரக்கூடாது, போன்ல மிரட்டக்கூடாது, யாரையும் தூது அனுப்பக்கூடாது. மீறினா போலீஸ் பாத்துக்கும்."

"அடிச்சதுக்கு சாட்சி யாரும் இல்லையே."

"அடி மட்டும்தான் கொடுமைன்னு யார் சொன்னா? போனப் பிடுங்கி வெச்சுக்கிறது, உன்னப் பூட்டிட்டுப் போறது, சம்பளத்த வாங்கிக்கிறது, எல்லாமே அதுல சேரும். நடந்தத நடந்தபடி சொல்லு, போதும். டாக்டரம்மாகிட்டயும் கழுத்தக் காட்டிடலாம்."

"வக்கீலுக்குக் குடுக்க எங்கிட்ட..."

"உன்ன யாரு கேட்டா? இலவச சட்ட உதவின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"பாப்பா ஸ்கூல்ல இருக்கா."

"முதல்ல அங்கதான் போறோம்."

அவள் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அப்பால் இருப்பவனைப் பார்க்கிற பார்வை. இந்த இடத்தில் அக்கா ஏதாவது சொல்வாள். சரியான ஒரு வார்த்தை, பெரும்பாலும் ஒரு கேலி. குட்டிக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை.

அந்தப் பெண்ணே அக்காவிடம் போனாள். ஒரு விரலால் அந்தத் தழும்பைத் தொட்டாள். பிறகு ஸ்கார்ஃபை முழுசாகக் கழற்றி, மடித்து, அக்காவின் கால்மாட்டில் வைத்தாள்.

"எந்தப் பக்கமா போகணும்?"

அறையின் மூலையில் இருந்த குறுகிய படிக்கட்டு நேரே பார்லருக்குள் இறங்குகிறது. பார்லரின் வாசல் மெயின் ரோட்டில். வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பது பின்பக்கச் சந்தில். குட்டி இடுப்பிலிருந்த சாவியை எடுத்து வக்கீலம்மாவிடம் நீட்டினாள்.

"ஷட்டரப் பாதி தூக்கினா போதும். அதுவும் கத்தும். பாத்து."

"இது கத்துற கத்துல அது கேக்காது" என்று டிரையரைக் காட்டினார் வக்கீலம்மா. அவருக்கும் அதோடு பல வருஷப் பழக்கம் ஆயிற்றே.

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். குட்டி தனியாக நின்றாள், கையில் டிரையரோடு, அக்காவோடு. கீழே ஷட்டர் கரகரப்பது அவளுக்கு லேசாகக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

எத்தனை சாயங்காலங்கள்! கடை சாத்திய பிறகு, பெருக்கித் தள்ளிய முடிக் குவியலுக்குப் பக்கத்தில் இருவரும் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "இன்னைக்கு ஒருத்தி போய்ட்டாடி" என்பாள் அக்கா, அவ்வளவுதான். யார், எங்கே என்று குட்டி கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அக்கா சொல்லியிருக்க மாட்டாள். இரண்டு டம்ளரையும் குட்டிதான் கழுவி வைப்பாள்.

"இன்னைக்கு ஒருத்தி போய்ட்டாக்கா" என்றாள் குட்டி.

கதவு தட்டப்பட்டது. "ஆச்சாம்மா?" மாமாவின் குரல்.

"இன்னும் ஈரம் இருக்கு மாமா!"

ஈரமாவது ஒன்றாவது. அக்காவின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தட்டல், மெதுவாக, மரியாதையாக. "என் மனைவி உள்ளதான இருக்கா? எங்களுக்கு நேரமாகுது."

தன் வாயிலிருந்து வந்த குரலைக் கேட்டுக் குட்டிக்கே ஆச்சரியமாக இருந்தது. அது அக்காவின் குரல். "முடியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஆம்பளைங்க கீழ போங்கன்னு சொன்னேன்ல?"

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

அவள் டிரையரின் வேகத்தை இன்னும் ஒரு படி கூட்டினாள். சூடான காற்றில் அக்காவின் நரைமுடி எழுந்து எழுந்து விழுந்தது. அது அடங்கும்வரை காத்திருக்காமல், இடது கையில் டிரையரைப் பிடித்தபடியே சீப்பை எடுத்து, குனிந்து, வகிட்டை இன்னொரு முறை, அதே வலப்பக்கத்தில், தழும்பு தெரிய, நேராக எடுத்தாள்.