குழாய்க்குத் தைத்த சட்டை

மாடி வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்று வீட்டுக்காரம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "ஆணி அடிச்சுக்கோ, சுண்ணாம்பு அடிச்சுக்கோ, நான் எதுவும் கேக்க மாட்டேன். ஆனா எது கெட்டுப்போனாலும் உடனே வந்து எங்கிட்ட சொல்லிடணும்." தையல்காரி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

சொல்வதில்தான் கஷ்டம். முந்தின வீட்டில் கூரை ஒழுகுகிறது என்று சொல்லப்போய், "பிடிக்கலேன்னா காலி பண்ணுங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். தையல் மெஷினோடு வீடு தேடி அலைந்தது இன்னும் காலில் வலித்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? இந்த வீட்டில் வாயே திறக்கக் கூடாது என்று புருஷனுக்கும் உத்தரவு போட்டுவிட்டாள். அவன் பஸ் ஓட்டுகிறவன். ரோட்டில்தான் பிரேக் அவன் காலில், வீட்டில் அவள் காலில்.

ஆகவே சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் கசிய ஆரம்பித்ததும் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். குழாய்க்குச் சட்டை தைத்தாள். பழைய மழைக்கோட்டின் கையை வெட்டி, நீளவாக்கில் பிளந்து, டேப் வைத்து அளவெடுத்து, இரட்டைத் தையல் போட்டு, குழாயைச் சுற்றி இறுக்கிப் பொத்தானும் மாட்டிவிட்டாள். சொட்டு நின்றது.

"எனக்குக்கூட இவ்வளவு அழகா தைச்சுத் தந்ததில்லையே" என்றான் புருஷன். அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

"என் மாடில குடியிருக்கிறவங்க இருக்கிற இடமே தெரியாது" என்று வீட்டுக்காரம்மா தெருவெல்லாம் பெருமை பேசினார். நடுவில் ஒரு நாள் தையல்காரியைக் கூப்பிட்டுத் திரைச்சீலை ஒன்று தைக்கச் சொன்னார். அளவைக் கேட்டதும் அவள் விழித்தாள். தரையிலிருந்து கூரைவரை நீளம். கீழ்வீட்டில் இவ்வளவு பெரிய ஜன்னல் எங்கே இருக்கிறது? கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், வளர்ந்த பேச்சு குழாயில் வந்து நிற்கும் என்று பயம். மறுபேச்சில்லாமல் தைத்துக் கொடுத்தாள்.

ஒரு காலையில், உருண்டுபோன நூல்கண்டை எடுக்கப் புருஷன் தொட்டிக்கு அடியில் தலையை விட்டான். வெளியே வந்தவன் அவளைக் கை காட்டிக் கூப்பிட்டான். அவளும் குனிந்து பார்த்தாள். வெளியே சொட்டாத தண்ணீரெல்லாம் சட்டைக்குள்ளேயே ஓடி, சுவரோரம் இறங்கித் தரையை ஊறவைத்திருந்தது. கை வைத்தால் தரை ஓடு ஆடியது.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"தைச்சது நானு. நானே போறேன்."

வீடு போச்சு என்றே முடிவு கட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"அம்மா, உங்க சமையல்கட்டைக் கொஞ்சம் பாக்கணும்."

வீட்டுக்காரம்மாவின் முகம் மாறியது. "அங்க என்ன பாக்க இருக்கு? நீ உக்காரு."

"மேல குழாய் கசியுதும்மா. ரொம்ப நாளா. உங்ககிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

வீட்டுக்காரம்மா உள்ளே நடந்தார். சமையலறையில் அவள் தைத்த திரைச்சீலை தொங்கியது, ஜன்னலே இல்லாத சுவரில். வீட்டுக்காரம்மா அதை ஒதுக்கினார். மேலிருந்து கீழ்வரை சுவர் கறுத்து, பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. அடியில் ஒரு வாளி பாதி நிரம்பியிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தலை மேல சொட்டுறது தெரியாமலா போகும்?"

"அப்புறம் ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"முன்னாடி இருந்தவங்ககிட்ட, தண்ணியைப் பாத்துப் புழங்குங்கன்னுதான் சொன்னேன். ரோஷப்பட்டு உடனே காலி பண்ணிட்டாங்க. அப்புறம் மாடி பூட்டியே கெடந்துது. தனியா இருக்க எனக்குப் பயம்மா. இப்போ மேல உன் மெஷின் சத்தம் கேக்குது, ஆள் இருக்காங்கன்னு நிம்மதியா கண்ணை மூடுறேன். சுவர் போனா பூசிக்கலாம். நீ போயிட்டா?"

தையல்காரிக்கு அழுகை வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. முழுப் பூசணிக்காயை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக மறைத்திருக்கிறார்கள். மேலே சட்டை, கீழே திரை, இரண்டும் அவள் கைத்தையல்.

"சொல்லாம விட்டது என் தப்பு. பூச்சு வேலை என் செலவு."

"கேக்காம விட்டது என் தப்பு. ஆளுக்குப் பாதி" என்றார் வீட்டுக்காரம்மா. பிளம்பரை வரச் சொல்லிப் போனும் போட்டார்.

வாசல்வரை போன தையல்காரி திரும்பி நின்றாள்.

"அம்மா... குளியலறைத் தாழ்ப்பாள் சரியா விழ மாட்டேங்குது."

வீட்டுக்காரம்மா முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "வேற?"

"பின்பக்க ஜன்னல் கொக்கி ஆடுது."

"வேற?" என்றார் மறுபடியும், இன்னொரு கரண்டி போடக் காத்திருப்பவர் போல.

தையல்காரி படியிலேயே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.