மேடம் பேசிய நாலு நிமிடம்

ஹெட்போனை மாட்டிக்கொண்டதும் டப்பிங் பேச வந்த அக்காவுக்கு முதலில் கேட்டது தன்னுடைய குரல்தான். முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய குரல். கேசட்டின் இரைச்சலுக்கு நடுவே அது, "என் அன்பு மக்களே, எழுந்து உட்காரவும் முடியாத நிலையில் உங்களிடம் பேசுகிறேன்" என்று தொடங்கியபோது அவள் கையிலிருந்த வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நல்லா கேட்டுக்குங்கம்மா," என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டைரக்டர் பெண். "இதுதான் மேடத்தோட ஒரிஜினல் குரல். அப்படியே வேணும். ஒரு மூச்சுகூட மாறக் கூடாது."

"சரிம்மா."

மேடமும் அவர் கணவரும் ஒரு காலத்தில் திரையைக் கட்டி ஆண்ட ஜோடி. அவர்கள் கதையைத்தான் டிவியில் பன்னிரண்டு பாகமாக எடுக்கிறார்கள். காதல், கல்யாணம், சண்டை எல்லாம் முடிந்து ஒன்பதாம் பாகத்தில் அரசியல் வந்துவிட்டது. கணவர் கட்சித் தலைவரின் மேடையில் ஏறிவிட்டார். மேடம் மட்டும் இரண்டு வருஷம் "செத்தாலும் வரமாட்டேன்" என்று வீம்பாக இருந்தார். பிறகு தேர்தலுக்கு முந்தின நாள், நோய்ப் படுக்கையில் இருந்தபடி, மனதில் பட்டதை நாலே நிமிடம் பேசித் தலைவருக்கு ஓட்டுக் கேட்டார். அந்த கேசட் தெருத்தெருவாக அலறியது. தலைவர் ஜெயித்தார். இது ஊரறிந்த கதை.

ஊர் அறியாத கதை ஒன்று உண்டு. மேடத்தின் சொந்தக் குரல் கரகரவென்று இருக்கும். முதல் படத்திலிருந்தே அவருக்குக் குரல் கொடுத்தது அக்காதான். காதும் காதும் வைத்தாற்போல் நடந்த ஏற்பாடு. எந்தப் படத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. அந்தத் தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் காரில் வந்து, "மேடத்துக்குத் தொண்டை போயிடுச்சு. சம்மதம் சொல்லிட்டாங்க. எப்பவும் நீதானே பேசறே, இதையும் பேசிடு" என்று மூன்று தாள்களைக் கையில் திணித்தார்கள். மேடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்ததோ என்னவோ.

ஒரு மாதம் கழித்து மேடமே டப்பிங் தியேட்டருக்கு வந்தார். இளைத்துத் துரும்பாகியிருந்தார். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று அக்கா எழுந்து நின்றாள்.

"நல்லா பேசியிருக்கேடி," என்றார் மேடம். "எனக்கே நான்தான் பேசினேனோன்னு தோணிடுச்சு."

அவ்வளவுதான். அது என் குரல் இல்லை என்று மேடம் வெளியே சொன்னால், அப்படியானால் படங்களில் பேசியது யார் என்று அடுத்த கேள்வி வரும். மேடம் வாயைத் திறக்காமலே இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு இந்தச் சீரியலில் கணவராக நடிப்பவர், "கடைசியில நீயும் விலைபோயிட்டியா?" என்று சிரிக்கிறார். மேடமாகக் கட்டிலில் கிடக்கும் சின்ன வயசு நடிகை தலையைக் குனிந்துகொள்கிறாள்.

மேடம் குரலுக்குப் பக்கத்தில் வருகிற குரல் என்று யாரோ சொல்லித்தான் அக்காவைக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். அந்தப் பயத்திலேயே ஒப்புக்கொண்டாள்.

மகள் போன் செய்தாள். தலைவர் போன பிறகு அவர் மகன்தான் அமைச்சர். அந்த அமைச்சர் அலுவலகத்தில்தான் மகள் ஆறு வருஷமாகத் தற்காலிக டைப்பிஸ்ட். நிரந்தர ஆர்டர் திங்கட்கிழமை கைக்கு வருகிறது.

"அம்மா, நீ அந்தச் சீரியல்லயா பேசறே? அமைச்சரோட பி.ஏ. என்கிட்ட நேராவே கேட்டார்."

"என்னன்னு?"

"உங்கம்மா அந்தக் காலத்து ஆளாச்சே, பாத்துப் பேசச் சொல்லுன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். என்ன விஷயம்மா?"

"ஒண்ணுமில்லடி. நான் என்ன சொந்தமாவா பேசறேன்? எழுதிக் குடுத்ததைப் பேசறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. முப்பத்தோரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வருவதும் இதே வார்த்தைகளைத்தான்.

மைக் முன்னால் நின்று, வேண்டுமென்றே மோசமாகப் பேசினாள். கேசட்டோடு ஒத்துப்போகவே கூடாது என்று குரலைத் தட்டையாக்கினாள்.

"என்னம்மா இது, ரயில் அறிவிப்பு மாதிரி இருக்கு?"

இரண்டு, மூன்று, நாலு டேக் போயிற்று. டைரக்டர் பெண் நகத்தைக் கடித்தாள். ஐந்தாவதில் அக்காவுக்குத் தன் நினைப்பு தப்பியது. திரையில் அந்தப் பெண் தலையணையிலிருந்து கழுத்தை மெல்லத் தூக்கிய விதம் அப்படியே மேடம். தொண்டை தானாகத் திறந்துகொண்டது. நாலு நிமிடமும் எங்கே நின்றோம், எங்கே மூச்சு விட்டோம் என்றே தெரியவில்லை.

முடிந்ததும் டைரக்டர் பெண் கை தட்டினாள். "உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சும்மா! சேனலுக்குச் சொல்லிட்டு வந்துடறேன்," என்று போனோடு வெளியே ஓடினாள்.

கை தட்டாதவர் சவுண்ட் இன்ஜினியர். ஐம்பதைத் தொட்ட மனிதர். தலையில் முடி இல்லை. எறும்பு தும்மினாலும் எந்த மூலையில் என்று சொல்லிவிடுவார் என்பதால் தொழிலில் அவருக்குக் 'காது' என்றே பெயர். அவர் எதையோ திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டுப் பேசும் பொத்தானை அழுத்தினார்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளேன். உனக்கு அதுதானே பொழப்பு."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு இடத்துல கடைசி வார்த்தைய இழுத்தீங்க. கேசட்லயும் அதே ரெண்டு இடத்துல இழுவை. இரைச்சலை எடுத்துட்டுக் கேட்டேன். அடியில சரசரன்னு தாள் திருப்பற சத்தம். படுத்துக்கிட்டு மனசுல பட்டதைப் பேசினவங்க கையில தாள் ஏதுக்கா?"

அக்கா மைக் முன்னால் தாங்கியில் இருந்த தாளை நேராக்கினாள்.

"அது கெடக்கட்டும். இன்னிக்கு உங்க முன்னால ஒரே தாள்தான் இருக்கு. உங்க இடது கை எதைத் திருப்பிச்சு?"

அக்கா குனிந்து கையைப் பார்த்தாள். டப்பிங் பேசுகிறவர்கள் எல்லாத் தாளிலும் மூலையை முன்கூட்டியே மேல்பக்கமாக மடக்கி வைப்பார்கள், சத்தமில்லாமல் திருப்புவதற்கு. மடக்க நேரமில்லை என்றால், தாளின் கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுத்து அந்தச் சத்தத்தைக் குரலுக்கு அடியில் ஒளித்துவிடுவார்கள். அன்றைக்குக் கட்சிக்காரர்கள் மடக்க விடவில்லை. வாய் எத்தனை பொய் சொல்லியும், கை அதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறது.

"நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்," என்றார் காது. குரல் தணிந்திருந்தது. "அந்த இழுவையை வெட்டிட்டா தீந்துச்சு. ரெண்டும் ஒரே ஆள்னு எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது. சனிக்கிழமை ஒளிபரப்பு. வெட்டட்டுமா?"

சனிக்கிழமை இது ஊருக்கே கேட்கும். திங்கட்கிழமை மகளுக்கு ஆர்டர். வெட்டிடு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. திரையில் காட்சி உறைந்திருந்தது. தலையணையில் அந்தப் பெண் வாயைத் திறந்தபடி, யாராவது வந்து ஏதாவது பேசட்டும் என்று காத்துக் கிடந்தாள். பையில் போன் அதிர்ந்தது. மகளாகத்தான் இருக்கும். அது அடங்கி, மறுபடி அதிர்ந்தது.

டைரக்டர் பெண் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள். "எல்லாம் ஓகேம்மா. நீங்க கெளம்பலாம்."

"இன்னொரு டேக் போகலாம்மா," என்றாள் அக்கா.

"அதான் அருமையா வந்துடுச்சே!"

"உனக்கு வந்துடுச்சு. எனக்கு இன்னும் வரலை." அவள் கண்ணாடி வழியே காதைப் பார்த்தாள். "மூணு தாள் குடு. எழுதினதோ வெத்துத் தாளோ, எதுவா இருந்தாலும் சரி."

டைரக்டர் பெண் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காது எழுந்து, கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு தானே உள்ளே வந்தார். மூன்று தாள்களையும் தாங்கியில் அடுக்கினார்.

"மூலைய மடக்கித் தரட்டுமா அக்கா?"

"வேண்டாம்ப்பா. சத்தம் கேக்கட்டும்."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அக்கா போனை எடுத்து, பார்க்காமலே அணைத்துப் பையில் போட்டாள். ஹெட்போனை மாட்டினாள். தாங்கியில் மூன்று தாள்களும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. ஏ.சி. காற்றில் மேல் தாளின் விளிம்பு லேசாக எழுந்து எழுந்து அடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.