பொத்தான் கடைக்கு எந்த சர்வர்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது முழுக்க என் சொந்தச் சரக்கு இல்லை. பாதி, ஒட்டுக்கேட்டது.

என் விசைப்பலகையில் 'க' வேலைநிறுத்தம் செய்துவிட்டது. 'க' இல்லாமல் கதை எழுத முடியாது, கல்யாணப் பத்திரிகைகூட அடிக்க முடியாது. பழுது பார்க்கத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தக் கடையில் முன்பக்கம் ரிப்பேர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்பக்கம் புதுச் சரக்கு. தடுப்பின் கதவு சரியாகச் சாத்தாது. சாத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை.

உள்ளே ஓர் அக்காவும் தம்பியும் சர்வர் வாங்க வந்திருந்தார்கள். பொத்தான், ஜிப், கொக்கி மொத்த வியாபாரம். அப்பாவுக்குப் பிறகு ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து கடையை நடத்துகிறவர்கள். இவ்வளவும் அவர்கள் பேச்சிலிருந்தே பொறுக்கியது. மீதியை நான் தைத்துக்கொள்வேன்.

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

'குளிரூட்டிய அறையில் அந்தக் கறுப்புப் பெட்டி பச்சைக் கண்களைச் சிமிட்டி—' (வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துவிடுவீர்கள்.)

'தரவு என்பது இன்றைய வணிகத்தின்—' (நீங்கள் ஓடிவிடுவீர்கள். நானும் கூட வருவேன்.)

'சர்வர் என்றதும் எனக்கு ஓட்டலில் தட்டு ஏந்தி—' (இந்த நகைச்சுவையை நாடு முழுக்க எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.)

மூன்றும் கழிவு. தொடக்கத்துக்கு முன்னால் ஒரு சந்தை வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் உள்ளே நடந்தது உங்களுக்கு வெறும் வாய்ச்சண்டையாகத் தெரியும்.

நான் வியாபாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவன். எங்களிடம் ஒரு பழக்கம்: எது வேண்டுமோ அதைப் பார்க்கக் கூடாது. வேண்டாததைத் தொட்டுத் தடவிப் புகழ வேண்டும். வேண்டியதைக் குறை சொல்லவேண்டும். விற்பவன் குழம்பி விலையை இறக்குவான். என் அம்மா மஞ்சள் துணியை மணிக்கணக்கில் விரித்துப் பார்த்துவிட்டு, எழுந்து போகும்போது, "அந்த நீலம் சும்மாதானே கிடக்கு, போட்டு விடுங்க" என்பாள். வீட்டுக்கு வந்தது எப்போதும் நீலம்தான்.*

* இதில் ஆபத்தும் உண்டு. வீடு வாங்கப் போன பெரியப்பா பக்கத்து வீட்டைப் புகழோ புகழென்று புகழ்ந்தார். தரகர் மனம் உருகி அதையே பேசி முடித்துவிட்டார். பெரியப்பா இன்றும் அந்தப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறார், தான் ஆசைப்பட்ட வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு.

3

இப்போது உள்ளே போகலாம். விற்பவர் டை கட்டியிருந்தார், காலில் ரப்பர் செருப்பு. டைக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

"மேடம், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு இந்தப் பெட்டி. உங்க கடையிலயே வச்சுக்கலாம், உங்களுக்கே சொந்தம். இன்னொண்ணு வாடகை சர்வர். மெஷின் எங்கேயோ இருக்கும், நீங்க இணையம் வழியா திறந்துப்பீங்க. இதோ, இந்தத் திரையில பாருங்க."

அக்கா திரைப் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"இதுதான் சாமான். கைக்குத் தட்டுப்படுது. லைன் அறுந்தாலும் பில் போடலாம். எங்கேயோ இருக்கும்னா என்ன அர்த்தம்? எங்கேயோ இருக்கிறதை நம்பி யாராவது வியாபாரம் பண்ணுவாங்களா?"

தம்பி பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினான். "இதை எங்க வைப்பே? பின்னறையில, ஜிப் மூட்டைக்கு நடுவுலயா? பஞ்சும் தூசியும் ஏறி மூச்சுமுட்டிச் செத்துடும். வாடகைதான் வசதி. சீசன்ல பெருசாக்கிக்கலாம், மந்தமா இருந்தா சுருக்கிக்கலாம்."

"ஆமா. அவனும் வசதியா வாடகையை ஏத்திக்கிட்டே போவான்."

"பெட்டி கெட்டுப்போனா? தினமும் நகல் எடுத்து வைக்கணுமாம். யாரு பார்த்துப்பா?"

"நான் பார்த்துப்பேன். பக்கத்துலயேதானே இருக்கப்போறேன்."

தம்பி விலைப்பட்டியலை எடுத்துப் புரட்டினான். டைக்காரர் இருமினார்.

"சார், ஒரு கேள்வி. வெளியூர்லேர்ந்து யாராவது வேலை பார்ப்பாங்களா? அதை வச்சுத்தான் எது சரின்னு சொல்ல முடியும்."

"இல்லை," என்றார்கள் இருவரும், ஒரே குரலாக.

பிறகு தம்பி, திரையைப் பார்த்தபடியே: "மாமாவுக்கு வேற ஊருக்கு மாற்றல் ஆகியிருக்கு. அது வேற விஷயம்."

"அது வேற விஷயம்," என்றாள் அக்கா.

4

அது வேறு விஷயமே இல்லை என்பது இதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. 'க' மேலேயே கவனமாக இருந்தேன்.

எந்தத் தையல் கடைக்கு என்ன விலை, எந்தப் பொத்தான் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்பதெல்லாம் அக்காவின் பொறுப்பு. கணக்கை எங்கிருந்தும் திறக்கலாம் என்றால், அவள் கணவன் (தம்பி சொன்ன 'மாமா') மாற்றலாகும் ஊருக்குக் குடிபோய், அங்கிருந்தே விலை போடலாம். பெட்டி பின்னறையில் இருந்தால் அவளும் பின்னறைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஆக, அவர்கள் சர்வர் தேர்ந்தெடுக்கவில்லை. அக்காவின் முகவரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, அக்காவுக்கு என்ன வேண்டும்?

பெட்டியைப் புகழ்ந்தாள். சந்தை வழக்கப்படி அவளுக்குப் பெட்டி வேண்டாம். வாடகைதான், அதாவது போக ஆசை. தம்பி வாடகையைப் புகழ்ந்தான். அதே வழக்கப்படி அவனுக்குப் பெட்டி வேண்டும். அதாவது அக்கா இருக்கவேண்டும்.

அப்படியே எழுதி முடித்துவிடத்தான் நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம். (கதையை முக்கால் எழுதியபின் வரும் சந்தேகத்தைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.) அக்கா மெய்யாகவே பெட்டியை விரும்பியிருந்தால்? 'நான் போகவில்லையடா' என்பதைத்தான் நேராகச் சொன்னாளோ? தம்பியும், 'நீ போ அக்கா, நான் சமாளிப்பேன்' என்பதைத்தான் சொன்னானோ? சொல்லியிருந்தாலும் என்ன பயன்? இருவரும் ஒரே சந்தைப் பள்ளியில் படித்தவர்கள். அவன் புகழ்ந்தால் அவள் திருப்பிப் படிப்பாள், அவள் புகழ்ந்தால் அவன் திருப்பிப் படிப்பான். விற்பவனை ஏமாற்றக் கற்ற வித்தை. எதிரே விற்பவன் இருக்கும்போது நேராகப் பேச அவர்களுக்கு நாக்கு வராது.

இன்னொன்றும் கவனித்தேன். தம்பி திரையைப் பார்த்தான், விலைப்பட்டியலைப் பார்த்தான், டைக்காரரின் செருப்பைக்கூடப் பார்த்தான். வந்ததிலிருந்து அவன் பார்க்காதது ஒன்றே ஒன்று: அக்காவின் முகம்.

எது வேண்டுமோ அதைப் பார்க்கக் கூடாது என்று சொன்னேன் அல்லவா?

5

முடிவுகள்.

(அ) டைக்காரர் மூன்றாவது வழி சொல்கிறார்: "பெட்டி கடையில இருக்கட்டும், அதோட நகல் வாடகை சர்வர்ல இருக்கட்டும். பாதி இங்க, பாதி அங்க." இதை நான் கற்பனை செய்யவில்லை, அவர் சொல்லவே செய்தார். கடைக்கு மிகச் சரியான யோசனைதான். இருவரும் "பார்க்கலாம்" என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று விற்பவர்களுக்குத் தெரியும். பாதி அக்கா இங்கேயும் பாதி அக்கா அங்கேயும் இருக்க முடியாதே.

(ஆ) பெரியப்பா முடிவு. ஒருவருக்காக மற்றவர் விட்டுக்கொடுத்து, இருவருக்குமே வேண்டாததை வாங்கிக்கொண்டு, வண்டியில் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். பாதி எழுதியே விட்டேன். 'அன்று வீடு திரும்பிய வண்டியில்—' (கை வரவில்லை. பெரியப்பா ஜன்னலில் நிற்பது கண்ணில் வந்து மறிக்கிறது.)

(இ) நடந்தது. அதாவது, நான் பார்த்த வரைக்கும் நடந்தது.

அக்கா டைக்காரரிடம், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள். மேசைமேல் அவள் பாட்டில் நிறைந்தே இருந்தது. அவர் எழுந்து வெளியே வந்தார். வருகிற வழியில், வாடிக்கையாளருக்கு மரியாதையாக, அந்தச் சாத்தாத கதவைத் தோளால் இடித்து நன்றாகச் சாத்திவிட்டார். இந்தக் கதையில் நான் மன்னிக்காத ஆள் அவர் ஒருவர்தான்.

இனி எனக்கு ஒலி இல்லை, படம் மட்டும்.

உள்ளே விற்பவன் இல்லை. சரக்கு இருக்கிறது, வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஏமாற்ற ஆள் இல்லை. இப்படி ஓர் அறையில் அவர்கள் அதுவரை இருந்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். பிறகு தம்பி தலையைத் தூக்கி அக்காவை நேராகப் பார்த்தான். பேரம் பேசவே தெரியாதவன், பிடித்த சாமானைப் பார்ப்பதுபோல. ஏதோ கேட்டான். சின்னக் கேள்விதான், உதடு அதிகம் அசையவில்லை.

அக்கா பெட்டியிலிருந்து கையை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவளும் அவனை நேராகப் பார்த்தாள். இரண்டு சொல்லில் பதில். தம்பி சிரித்தான், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினான். அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள், பெட்டியைத் தட்டிய அதே தட்டு.

டைக்காரர் தண்ணீரோடு உள்ளே போனார். எதுவென்று கேட்டிருக்க வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் கை நீட்டினார்கள், ஒரே பக்கம். அந்தப் பக்கத்தை டைக்காரரின் முதுகு மறைத்திருந்தது.

"சார், உங்க 'க' ரெடி," என்றது முன்பக்கம்.

6

கூச்சம் பார்க்காமல் உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் என்னிடம் உண்மையைச் சொல்வார்களா? நான் மூன்றாம் மனிதன். என் எதிரே மறுபடியும் மற்றதைத்தான் புகழ்வார்கள்.

ஆகையால் முதுகை நகர்த்தும் வேலை உங்களுடையது. அவன் என்ன கேட்டான், அவள் சொன்ன இரண்டு சொல் என்ன, கை நீட்டிய பக்கம் எது, எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எந்த முடிவு எனக்குப் பிடிக்கும் என்று என்னிடம் கேட்கக் கூடாது.

கேட்டால், அந்தப் பெட்டி இருக்கிறதே, என்ன அருமையான பெட்டி என்பேன்.