எண் மாறிய சைலன்சர்

துப்பாக்கி லைசன்ஸ் அதிகாரி மேவிஸ் துல்லாக், துப்பாக்கி முனையில் மாட்டும் சைலன்சரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடி சைலன்சரைப் பார்த்தார்.

“மிஸ்டர் கில்லிஸ், இது உங்களோடது இல்ல.”

பின்லே கில்லிஸ் சிரித்துவிட்டான். ஸ்காட்லாந்து மலையில் அந்த எஸ்டேட்டுக்குப் பதினெட்டு வருடமாக மான் சுடுகிறவன் அவன். துப்பாக்கி இருந்தால்தான் வேலை. வேலை இருந்தால்தான் அவனும் மனைவி இஷ்பெலும் குடியிருக்கும் எஸ்டேட் வீடு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போலீஸிலிருந்து வருவார்கள், எண்களைச் சரிபார்ப்பார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

வாங்கிப் பார்த்தான். தாளில் 417. இரும்பில் 482.

சத்தத்தைக் குறைக்கும் வெறும் குழாய். அதை வைத்து ஓர் ஈயைக்கூடச் சுட முடியாது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் துப்பாக்கிதான். அடுத்தவன் லைசன்ஸில் உள்ளதை வைத்திருப்பது குற்றம்.

“இதையெல்லாம் லைசன்ஸ் பட்டியல்லேர்ந்து எடுக்கப்போறதா லண்டன்ல பேச்சு இருக்கே, மேடம்.”

“பேச்சு இருக்கு. சட்டமும் இருக்கு. யாரோடது இது?”

யோசித்தவனுக்கு அடுப்பைப் பார்த்ததும் நினைவு வந்தது. மலையிலிருந்து இறங்கியதும் சைலன்சரைக் கழற்றி அடுப்பருகே நிறுத்திக் காயவைப்பார்கள். ஈரத்தோடு விட்டால் துப்பாக்கி துருப்பிடித்துவிடும். போன அக்டோபரில் பக்கத்து எஸ்டேட் லாக்கியும் அவனும் தொப்பலாக நனைந்து வந்து, இந்த அடுப்பருகேதான் இரண்டையும் நிறுத்தினார்கள். ஒரே கம்பெனி, ஒரே அளவு. போகும்போது ஆளுக்கொன்றை எடுத்துத் திருகிக்கொண்டார்கள். அதன்பிறகு எவன் எண்ணைப் பார்த்தான்?

நடந்ததைச் சொன்னான். சொல்லி முடிக்கும்போதுதான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது.

“மேடம், லாக்கிக்கு மார்ச்லதானே செக் பண்ணீங்க?”

மேவிஸ் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார். லாக்கியின் படிவத்தில் 482-க்கு எதிரே அவர் கையாலேயே சரி என்று குறி. மார்ச்சில் லாக்கியிடம் இருந்ததோ 417. அந்தக் குறியின்மேல் விரலை வைத்தார்.

“லாக்கி மான்கறி அடைச்சுச் சுட்ட பை பலகாரம் வச்சிருந்தார்,” என்றார் மெல்ல. “நேரமும் ஆயிடுச்சு. அவர் தாளைப் பாத்து நம்பர் வாசிச்சார். நான் டிக் போட்டுட்டேன்.”

வழி ஒன்று திறந்ததுபோல் இருந்தது பின்லேக்கு. நாங்கள் மாற்றிக்கொள்கிறோம், நீங்கள் நாளை மறுநாள் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்றான். இஷ்பெல் டீத் தட்டோடு வாசலிலேயே நின்றாள்.

மேவிஸ் வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு எழுதினார். தாளை அவன் பக்கம் திருப்பினார். 482 என்று எழுதி, அதன்கீழே மார்ச் சோதனையில் எண்ணை நேரில் பார்க்கவில்லை என்று தன் பெயரையும் போட்டிருந்தார்.

“மறைச்சுட்டுப் பின்னால மாட்டிக்கிட்டா ஜெயில். நீங்களே சொன்னதா எழுதியிருக்கேன், எச்சரிக்கையோட விட்டாலும் விடலாம். என் கதை என்னன்னு எனக்கே தெரியல. துப்பாக்கிப் பெட்டிச் சாவி குடுங்க.”

பின்லேயிடம் இருந்த இரண்டு துப்பாக்கிகளும் சைலன்சரும் அவர் காரில் ஏறின. கிளம்புமுன், லாக்கியை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள் என்றார்.

போனில் லாக்கி குஷியாக இருந்தான். “என்னடா, அந்தம்மா உன் வீட்லயும் மான்கறி பை கேட்டாங்களா?”

“உன் சைலன்சர்ல நம்பரைப் படி.”

பெட்டி திறக்கும் சத்தம். இரும்பு உரசும் சத்தம்.

“டேய்,” என்றான் லாக்கி கடைசியில், “இது என்னோடது இல்லடா.”

“தெரியும். அங்கதான் வந்துட்டிருக்காங்க.”

போனை வைத்தான். காலியான இரும்புப் பெட்டியை இஷ்பெல் பார்த்துக்கொண்டே நின்றாள். மான் சுட வரும் விருந்தாளிகளை நாளை மலைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எஸ்டேட்டுக்கு இது அடுத்தவர் வாயால் தெரிந்தால் வீடு நிச்சயம் போகும். பின்லே எஸ்டேட் மேனேஜரின் போன் எண்ணைத் தேடி அழுத்தினான். மணி அடிக்கத் தொடங்கியது.