அர்த்தம் பார்க்கக் கூடாது

கரியப்பன் அந்தப் பாட்டை மூன்றாவது முறையாக நீக்கியது செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில். புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு ராயக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறும்போது அது மறுபடியும் பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் கூலிங் கிளாஸ் போட்ட லியோவின் முகம். யார் சேர்த்தது என்பதை ஆப் மறைப்பதில்லை. லியோவும் மறைக்க நினைக்கவில்லை.

பட்டியலின் பெயர் 'பின்சீட்டு'. கரியப்பன், லியோ, ஃபைஸான் மூவரும் பதினொரு மாதமாகச் சேர்த்தது. இருநூற்று நாற்பத்து மூன்று பாட்டு. மாலி, துருக்கி, பெரு, ஜப்பான், எத்தியோப்பியா என்று நாட்டுக்கு நாடு. மூவரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவன் ஃபைஸான் மட்டும். சவூதியில், தம்மாமில் இருக்கும் மாமா சொன்னார் என்று எடுத்து, ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் கிடக்கிறது. மற்ற இருவருக்கும் தூரதேசம் என்றால் பெங்களூர்தான்.

விதிகள் மூன்று. இந்தியப் பாட்டு கூடாது. காலை ஆட்டாமல் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தால் அது பாட்டே இல்லை. மூன்றாவது விதி லியோ போட்டது: அர்த்தம் பார்க்கக் கூடாது.

"அர்த்தம் பாத்தா பாட்டு செத்துரும் மச்சா. இடுப்புக்குப் புரிஞ்சாப் போதும்" என்பான்.

டிரைவர் முனீஸ்வரன் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே, "அந்த டிரம்முக்காரனப் போடுங்கப்பா, உத்தனப்பள்ளி ஏத்தத்துக்கு அதான் சரி" என்று கேட்க ஆரம்பித்தார். பஸ்ஸில் நாற்பது பேர். பாதிப் பேர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். யாருக்கும் எந்தப் பாட்டும் புரியாது என்பதால் யாருக்கும் சண்டை இல்லை.

போன வாரம் லியோ ஒரு பிரேசில் பாட்டைச் சேர்த்தான். பெண் குரல், கிட்டார், அதன் அடியில் எதையோ சுரண்டுவது மாதிரி ஒரு தாளம். நல்ல பாட்டு என்பதைக் கரியப்பனாலும் மறுக்க முடியவில்லை. ஒரு நிமிஷம் ஓடி, கோரஸ் வந்தது.

'கெரியா, கெரியா, கெ...ரியா.'

பஸ்ஸின் ஸ்பீக்கர் பழசு. அதில் 'கெ' என்பது 'க' என்றுதான் விழுந்தது. நடுசீட்டிலிருந்து ஒருத்தன் திரும்பி, "யோவ் கரியா, உன்னத்தான்யா கூப்புடறா!" என்றான். தமிழுக்குச் சிரிக்காதவர்கள் கன்னடத்துக்குச் சிரித்தார்கள்; இரண்டிலும் அந்தச் சொல்லுக்குக் கறுப்பன் என்றுதான் பொருள். இரண்டாவது கோரஸுக்குப் பாதி பஸ் கூடவே பாடியது.

கரியப்பனின் ஊர் நாட்றாம்பாளையத்துக்கும் மேலே. காட்டு ஓரத்தில் கரியப்ப சாமி கல்லாக நிற்கிறார். அந்த வகையறாவில் மூத்த பிள்ளைக்கு அவர் பேர்தான். சாமி பேரைப் பாதியில் ஒடிக்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அவன் அம்மா திட்டும்போதுகூட, "கரியப்பா, நாசமாப் போறவனே!" என்று முழுசாகச் சொல்லித்தான் திட்டுவாள். அஞ்செட்டிப் பள்ளிக்கூடத்தில் 'கரியா' என்று கூப்பிட்ட ஒருத்தனின் பல்லை உடைத்து, பத்து நாள் வெளியே நின்றிருக்கிறான். கம்பெனிக்கு வந்த ஆறு வருஷத்தில் ஒவ்வொருத்தனாகத் திருத்தி, எல்லார் வாயிலும் முழுப் பெயரை வரவைத்திருந்தான். திருத்தாமலே முதல் நாளிலிருந்து சரியாகச் சொன்னவர் லியோவின் அப்பா ஜெபதுரை. கேன்டீனில் பரிமாறுகிறவர், அதே பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் முன்சீட்டில் வருவார். "கரியப்பா தம்பி, இன்னொரு கரண்டி ரசம்?" என்பார்.

இதெல்லாம் வேறு மாதத்தில் நடந்திருந்தால் பொறுத்திருக்கலாம். பிரேக் டிரம் லைனுக்குப் புது லீடர் போடப்போகிறார்கள். சூப்பர்வைசர் அசோக்குமார் கரியப்பனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "வேலை உனக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். நீ சொன்னா நாலு பேரு கேப்பானான்னு மட்டும் பாக்கணும். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்."

அதற்குப் பிறகுதான் பாட்டு வந்தது. இப்போது லைனில் "டூல் மாத்துப்பா" என்று அவன் குரல் கொடுத்தால், மெஷின்களுக்குப் பின்னாலிருந்து யாராவது அந்த ராகத்தை விசிலடித்தார்கள். அசோக்குமார் கண்ணாடி அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை பஸ்ஸில் கரியப்பன் உட்காரவில்லை. லியோவின் முன்னால் கம்பியைப் பிடித்து நின்றான்.

"எடுத்துரு."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும்."

"மூணு தடவை நீயே எடுத்தியே. நாலாவது தடவையும் எடுத்துக்க. நான் அஞ்சாவது தடவை போட்டுக்கறேன்."

ஜன்னலோரம் இருந்த ஃபைஸான், "டேய், விடுங்கடா. இருநூத்திச் சொச்சம் பாட்டு இருக்குது, ஒண்ணு போனா என்ன?" என்றான்.

"போகட்டும்னு இவன் சொல்லக் கூடாது," என்றான் லியோ. "விதி என்ன? அர்த்தம் பாக்கக் கூடாது. அவ கரியான்னு பாடறான்னு எவன் சொன்னான்? அவளுக்கு உன்னத் தெரியுமா, உன் காட்டுச் சாமியத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்?"

"மொத நாளு கோரஸ் வர்றதுக்கு முந்தியே நீ என்னத் திரும்பிப் பாத்த லியோ. வந்த பின்னால இல்ல. முந்தியே."

லியோ போனைத் திருப்பி மடியில் வைத்தான். பிறகு சிரித்தான். "சிரிப்பு வந்துச்சு, பாத்தேன். அதுக்கென்ன இப்போ? பெரிய லீடரு. பேரச் சொன்னாத் தேஞ்சு போயிருவ."

லியோவுக்கும் அந்த இடத்தின் மேல் கண் என்று அந்தச் சொல்லில்தான் கரியப்பனுக்குப் புரிந்தது. அசோக்குமார் லியோவையும் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். பேசாமலும் இருக்கலாம். கேட்கப் பிடிக்காமல் போய் முன்பக்கம் நின்றுகொண்டான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாடகை அறையில் இயர்போனோடு கிடந்தான். பாட்டுத் தேடவில்லை, சத்தம் தேடினான். கோரஸ் வரும் இடத்துக்கு இழுத்து, நாலு வினாடி கேட்டு, அடுத்ததற்குப் போனான். பதினொரு மாதமாக இடுப்புக்காகக் கேட்டவன், அந்த இரண்டு நாளில் ஒரு தாளத்தைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் கிரேக்க நாட்டுப் பாட்டு ஒன்று சிக்கியது. கைதட்டல், தந்தி வாத்தியம், கரகரத்த ஆண் குரல். 'கலா, கலா' என்று பத்துத் தடவை வருகிறது. அதைப் பட்டியலில் சேர்த்தான்.

ராயக்கோட்டை பஸ்ஸின் ஸ்பீக்கரில் அது எப்படி விழும் என்று அவனுக்குத் தெரியும். கன்னடத்தில் 'கள்ளா' என்றால் திருடன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெபதுரை வேறொரு கம்பெனியில் இருந்தார். ஒரு நாள் கேட்டில் அவருடைய சாப்பாட்டுப் பையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள் எடுத்தார்கள். நாற்பது நாள் விசாரணை. வைத்தது வேறு ஆள் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். இரண்டு வருஷத்தில் ஒருத்தரும் அதை வாயெடுத்துச் சொன்னதில்லை. அந்தப் பஸ்ஸுக்கு அவ்வளவு மரியாதை தெரிந்திருந்தது.

திங்கள்கிழமை கரியப்பன் தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்தான். கைதட்டல் தொடங்கியதும் முனீஸ்வரன் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். கோரஸ் வந்தது. ஒரு சுற்று யாருக்கும் விளங்கவில்லை. இரண்டாவது சுற்றில் நடுசீட்டுக்காரன், "ஏனப்பா இது, கள்ளா கள்ளா அந்தானே!" என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தான்.

கூடவே ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். சிரித்த வாயோடு அவர்களுடைய கண் தானாக முன்சீட்டுக்குப் போனது. போனதும் சிரிப்பு நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. கள்ளா, கள்ளா, கள்ளா.

முனீஸ்வரன் நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிறுத்தாத முனீசு," என்றார் ஜெபதுரை, தலையைத் திருப்பாமல். "சத்தமா வை. எனக்குக் காது மந்தம்."

முனீஸ்வரன் கை அந்தரத்தில் நின்றது. யாரும் சத்தத்தைக் கூட்டவில்லை. யாரும் குறைக்கவும் இல்லை. மீதிப் பாட்டு முழுவதையும் நாற்பது பேரும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்து கேட்டார்கள்.

முடிந்ததும் லியோ எழுந்து வந்தான். அடிப்பான் என்று ஃபைஸான் குறுக்கே கை வைத்தான். லியோ அடிக்கவில்லை.

"கோரஸ் வர்றதுக்கு முந்தியே எங்கப்பனத் திரும்பிப் பாத்த."

கரியப்பனுக்கு அப்போதுதான் தன் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று உறைத்தது.

"நான் உன் பேரத்தான் தொட்டேன்டா," என்றான் லியோ. "நீ எங்கப்பன் சோத்துப் பையத் தொட்டுட்ட."

ஃபைஸான் அவசர அவசரமாகப் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். "டேய், இங்க பாருங்கடா ரெண்டு பேரும். கெரியான்னா 'எனக்கு வேணும்னு இருந்துச்சு'ன்னு அர்த்தமாம். கலான்னா 'நல்லது'ன்னு அர்த்தமாம். அவ்வளவுதான்டா. ஒண்ணுமே இல்லடா."

"உன்ன எவன்டா கேட்டான்?" என்றான் லியோ. அதையேதான் கரியப்பனும் சொல்ல வாயெடுத்திருந்தான்.

உத்தனப்பள்ளி தாண்டியதும் கரியப்பன் போனில் பட்டியலைத் திறந்தான். இருநூற்று நாற்பத்து நான்கு இருநூற்று நாற்பத்து மூன்றானது. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று. பின்சீட்டில் லியோ தலையைக் குனிந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தான். மாலிக்காரனின் டிரம் போனது. முனீஸ்வரனுக்குப் பிடித்த ஏற்றத்துப் பாட்டு போனது. ஃபைஸான் மழையில் நனைந்துகொண்டே கண்டுபிடித்த துருக்கிப் பாட்டு போனது. நீக்கிய கையோடு திரும்பச் சேர்க்கலாம், வழி இருந்தது. கரியப்பன் சேர்க்கவில்லை. 'பாத்துட்டே இரு' என்பது போல எண்ணிக்கை இறங்கியது. ஓசூர் வரும்போது இரண்டு மிஞ்சின. லியோவின் பிரேசில்காரியும் கரியப்பனின் கிரேக்கனும். அவற்றை லியோ வேண்டுமென்றே விட்டுவைத்தான்.

வெள்ளிக்கிழமை அசோக்குமார் அறிவித்தார். "நாலு நாளா லைன்ல ஒருத்தன் வாயத் திறக்கலப்பா. விசில் இல்ல, சிரிப்பு இல்ல. என்ன செஞ்சியோ எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருக்கணும்." போர்டில் பெயர் எழுதினார்கள். 'லைன் லீடர்: கரியப்பன்'. ஒரு எழுத்தும் ஒடியாமல், வெள்ளைப் பெயின்ட்டில்.

"டூல் மாத்துப்பா," என்றான் முதல் நாள்.

மறு பேச்சில்லாமல் மாற்றினார்கள். நாலாவது மெஷினிலிருந்து லியோ வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், "லீடர், டிரம் முடிஞ்சுது" என்றான். அடுத்த மெஷின்காரனும் "லீடர்" என்றான். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கப் பெயரை விட்டு அதையே பிடித்துக்கொண்டது. மரியாதைக் குறைவு என்று யார் மேலும் எழுதிக் கொடுக்க முடியாது. பஸ்ஸில் அவன் ஏறினால் பேச்சு நின்றது. ஃபைஸான் ஒரு வாரம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து பார்த்தான். பிறகு மாமாவிடம் பேசுவதாகச் சொல்லி முன்பக்கம் போய்விட்டான். ஸ்பீக்கரில் இப்போது முனீஸ்வரன் செய்தி வைக்கிறார்.

ஒரு நாள் மதியம் கேன்டீன் வரிசையில் கரியப்பனின் முறை வந்தது. தட்டை நீட்டினான். ஜெபதுரை சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், பொரியல் வைத்தார். ஒன்றையும் குறைக்கவில்லை. கரியப்பன் தட்டை எடுக்காமல் நின்றான். ரசத்தில் முக்கியிருந்த கரண்டியைப் பார்த்தான். அவர் அதை எடுத்து ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். அப்போதும் அவன் நகரவில்லை. பின்னால் நிற்பவன் தட்டைத் தட்டினான்.

ஜெபதுரை நிமிர்ந்து, அவன் தோளுக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"அடுத்த ஆளு."